யட்டவத்தயின் மண்மேடும் சென்டாயின் கணக்கும்

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் யட்டவத்தயும் ஒன்று. மிளகும் கொக்கோவும் கராம்பும் பலாவும் ஒரே வளவினுள் நெருங்கி வளரும் நாடு அது. அடைமழையில் அத்தகைய வளவொன்றின் பின்புற மண்மேடு சரிந்து, குசினிச் சுவரையும் பத்துப் பன்னிரண்டு மிளகுக் கொடிகளையும் மூடிவிடுமாயின், அவ்விழப்பு உலகக் கணக்கொன்றில் இடம்பெற வேண்டியதாகும்.

2015 மார்ச்சில் ஜப்பானின் சென்டாய் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அனர்த்த அபாயக் குறைப்புக் கட்டமைப்பு, 2030க்குள் எய்தற்குரிய ஏழு இலக்குகளை வகுத்தது. அவற்றை அளத்தற்கு 38 சுட்டிகள் உள. 2017இல் 87 நாடுகள் தம்மிடமுள்ள தரவுகளின் ஆயத்த நிலையைத் தாமே மதிப்பிட்டு அறிவித்தன.

இலங்கை இவ்வகையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றிற்று. 1974 முதலான அனர்த்த நிகழ்வுகள் டெசின்வென்டார் என்னும் தரவுத்தளத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. வளர்முக நாடொன்றுக்கு இஃது அரிய செல்வமே.

ஆயினும் ஒப்பீட்டுக்குரிய ஆண்டுகளை நோக்குக. 2020–2030 காலத்து இறப்பு வீதம் 2005–2015 காலத்து வீதத்தோடு ஒப்பிடப்படும். முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்ட சுனாமி நேர்ந்ததோ 2004 டிசம்பர் 26இல். ஆண்டு பிறக்கச் சில நாட்களே இருக்கையில்! ஆகவே அடிப்படைக் காலம் அப்பேரழிவை அறியாது. 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2025 நவம்பர் தித்வா சூறாவளியோ ஒப்பீட்டுக் காலத்தினுள்ளேயே விழுந்துவிட்டது.

இறப்பையாவது ஓரளவு எண்ணிவிடலாம். அதிலும் இடர் உண்டு: 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது, காணாமற்போனோர் நூற்றுக்கணக்கினர் என முதலிற் கூறப்பட்ட தொகை பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டது. லயத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதையே உடனே உறுதியாகச் சொல்ல முடியாதிருந்தது போலும்.

பொருளிழப்பின் நிலை இதனினும் மோசமானது. கிராம உத்தியோகத்தர் எழுதி அனுப்பும் விபரம் பெரும்பாலும் நிவாரணத்தின் பொருட்டு எழுந்தது: பாதிப்புற்ற குடும்பங்கள் இத்தனை, ஆட்கள் இத்தனை, முற்றாகவோ பகுதியாகவோ சேதமுற்ற வீடுகள் இத்தனை. நிவாரணம் கேளாதவனின் இழப்பு எவ்வேட்டிலும் ஏறுவதில்லை. யட்டவத்த வளவின் குசினிச் சுவர் ‘பகுதிச் சேதம்’ ஆகலாம். மிளகுக் கொடியோ ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்துக்கு உரியது. கீழேயுள்ள வயலில் மண் படிந்தால் அது கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு. உடைந்த ஒழுங்கை பிரதேச சபையினது. சரிவின் காரணத்தை ஆராய்வது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. ஒரு சரிவு ஐந்து கோப்புகளாகச் சிதறுகிறது. புதிதாய் நட்ட கொடி நன்கு காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லுமாதலின், அவ்விடைக்கால வருமான இழப்பு எக்கோப்பிலும் அடங்காது. சென்டாய்ச் சுட்டிகளும் நேரடி இழப்பையே கேட்கின்றன.

கொழும்பில் தரவு இல்லை என்று முறையிடுவோர் இதனை மனங்கொள்ளல் தகும். தரவின் பெரும்பகுதி பிறக்கிறது, ஒன்றையொன்று சந்திப்பதில்லை. கிராம உத்தியோகத்தரின் படிவத்தில் வீட்டின் உரிமையாளர் யார், அழிந்த பயிரின் வயது என்ன, பாதிப்புற்றோர் ஆணா பெண்ணா, மாற்றுத்திறனாளி உளரா என்னும் சில நிரல்கள் கூட்டப்பட்டு, ஐந்து கோப்புகளுக்கும் ஒரே நிகழ்வெண் இடப்படுமாயின், சுட்டிகள் பலவற்றுக்கு யட்டவத்தயிலிருந்தே விடை கிடைத்துவிடும். அதற்குப் புதிய திணைக்களம் எதுவும் வேண்டியதில்லை.