வில்லன் திறந்து வைத்த அரங்கு

மிலானின் லா ஸ்கலா ஓபரா அரங்கு, சென்னையிலிருந்து போன அந்தப் பயணிக்கு முதல் பார்வையில் பெரிய ஏமாற்றம். வரிசையாக ஜன்னல், உச்சியில் ஒரு முக்கோணம், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேர்?

பக்கத்து காபிக் கடையில் நின்றபடி எஸ்பிரெஸ்ஸோ குடித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவரிடம் இதைச் சொல்லியும் விட்டார். பெரியவருக்குச் சுருக்கென்றது. கட்டியவர் ஜுசெப்பே பியர்மரினி, கட்டடக் கலைஞர் வான்விதெல்லியின் சீடர். 1776இல் பழைய அரங்கு தீயில் போக, ஒரு தேவாலயத்தை இடித்துக் கிடைத்த நிலத்தில் இது எழுந்தது. அன்று எதிரே சதுக்கம் கிடையாது, குறுகலான தெருதான். தள்ளி நின்று முகப்பைப் பார்க்க யாருக்கு இடம் இருந்தது? பணம் கொடுத்த பிரபுக்களுக்கு வேண்டியது உள்ளே தனித்தனி மாடங்கள். எதிர்வீடுகளை இடித்துச் சதுக்கம் போட்டது 1858இல். “அவர்கள் செய்ததற்கு இவரையா திட்டுவது?”

சரி, அரங்கு திறந்த 1778 ஆகஸ்ட் 3 அன்று முதல் ஓபரா யாருடையது?

“சாலியேரி.”

“மொஸார்ட்டுக்கு விஷம் வைத்தவரா?”

காபி போடுகிற பையன் சிரித்துவிட்டான். பயணியின் சாலியேரி 1984இல் வந்த ‘அமேடியஸ்’ படத்துச் சாலியேரி. பொறாமையில் வெந்து கண்ணாலேயே கொல்லும் முர்ரே ஆபிரகாம். புஷ்கின் 1830லேயே குட்டி நாடகம் எழுதி அவரைக் கொலைகாரனாக்கிவிட்டார். ஆனால் மொஸார்ட்டின் மனைவி தன் இளைய மகனைப் பாட்டுப் படிக்க அனுப்பியதே இந்தச் சாலியேரியிடம்தான் என்றார் பெரியவர். பயணிக்குத் தமிழ்ப்பட வில்லன் நம்பியார் நினைவு வந்தது: திரையில் சாட்டை, கார்த்திகை பிறந்தால் குருசாமி.

அரங்கைத் திறந்து வைக்கும் அந்த வாய்ப்பும் முதலில் இசையமைப்பாளர் க்ளுக்குக்குப் போனது. அவர் மறுத்ததால் இருபத்தேழு வயதுச் சாலியேரிக்கு வந்தது. கடற்புயலோடும் கப்பல் உடைவதோடும் ஆரம்பித்தார். பியர்மரினியின் புது மேடையின் அகலத்தைக் காட்ட இதைவிடத் தோதான காட்சி ஏது?

பிறகு அந்த ஓபராவைச் சீந்துவார் இல்லை. 2004இல் அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோதுதான் இசை நடத்துநர் ரிக்கார்தோ மூத்தி அதையே எடுத்து நடத்தினார். பெரியவர் மேல்மாடத்தில் உட்கார்ந்து கேட்டாராம்.

“எப்படி இருந்தது?”

“புயல் பிரமாதம்.”

“மிச்சம்?”

“முதுகு வலி.” சில்லறையை எண்ணி வைத்தார். “சாலியேரியைச் சொல்லாதீர்கள். மேலே கால் நீட்ட இடம் வைக்காதவர் பியர்மரினி.”