இல்லாமையின் இரண்டு ஒட்டுகள்

ஆங்கிலச் சொற்களை நான் பெரும்பாலும் வால்பக்கத்திலிருந்தே கவனிக்கிறேன். மொழிபெயர்ப்பால் வந்த பழக்கம். முன்னொட்டுகள் வாசலிலேயே தம்மை அறிவித்துவிடுகின்றன. 'ஹாப்பி'யின் முன் நின்று மகிழ்ச்சியை மறுக்கும் 'அன்', 'டூ'வின் முன் நின்று செய்ததை அழிக்கும். பின்னொட்டுகளோ சொல் முடியும் இடத்தில் ஓசையின்றி அமர்ந்து ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகின்றன.

'கேர்' என்பதற்குக் கவலை, அக்கறை என இரு பொருள்களும் உண்டு. 'கேர்லெஸ்' என்றால் அக்கறை போய்விடுகிறது, அது குற்றம். 'கேர்ஃப்ரீ' என்றால் கவலை போய்விடுகிறது, அது பேறு. வேர்ச்சொல்லின் எந்தப் பொருள் நீங்கவேண்டும் என்பதை ஒட்டே முடிவுசெய்கிறது. ஆனால் 'லெஸ்' எப்போதும் வசையாவதில்லை. 'வொர்த்லெஸ்' மதிப்பற்றது, 'ப்ரைஸ்லெஸ்' விலைமதிப்பற்றது. இன்னும் விசித்திரமானது 'ரூத்லெஸ்'. 'ரூத்' என்றால் இரக்கம். அச்சொல் தனியே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இரக்கமின்மை மட்டும் புழங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு சிறுகதையை மொழிபெயர்க்கையில் 'சைல்ட்ஃப்ரீ' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். நாயகி தன்னை அவ்வாறு சொல்லிக்கொள்கிறாள். அவளுடைய தாய் அவளைச் 'சைல்ட்லெஸ்' என்கிறாள். கதையின் சண்டை முழுவதும் இவ்விரு ஒட்டுகளுக்கு இடையில்தான். முதலாவதில் விருப்பம் இருக்கிறது, இரண்டாவதில் குறை. இரண்டுக்கும் 'குழந்தையில்லாதவள்' என்றே என் கை எழுதியது.

அப்போது பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வளைகாப்பு வீடுகளில் அவரை முன்வரிசைக்கு அழைக்கமாட்டார்கள். அவரைக் குறிக்க ஊரில் இருந்த சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை. ஆனால் பெரியம்மா ஒடுங்கி வாழ்ந்தவரல்லர். தனியாக ரயிலேறிக் காசிவரை போய்வந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனைபேருக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தந்தவர் அவர்தான். பிள்ளை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்ததில்லை. இழந்துவிட்டதாக எங்களிடம் சொன்னதும் இல்லை. அவருக்கு எந்த ஒட்டைச் சேர்ப்பது?

அகராதியைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. குறைவு என்னும் பொருளில் வரும் 'லெஸ்' என்ற தனிச்சொல்லுக்கும் இந்தப் பின்னொட்டுக்கும் உறவே இல்லை. இது பழைய ஆங்கிலத்தின் 'லேயஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு 'இல்லாத' என்றும் பொருள், 'விடுபட்ட' என்றும் பொருள். கட்டவிழ்ந்ததைக் குறிக்கும் 'லூஸ்' அதன் இனம். இன்று இரண்டு ஒட்டுகள் பங்கிட்டுக்கொண்டதை அன்று ஒன்றே சுமந்திருக்கிறது.

கதையில் தாயின் வாயில் 'பிள்ளைப்பேறு இல்லாதவள்' என்றும், மகளின் வாயில் 'பிள்ளை வேண்டாதவள்' என்றும் வைத்தேன். பெரியம்மாவுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. அந்தப் பழைய ஒட்டு அவருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.