திரைக்குப் பின்னே ஒரு குரல்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்)

இராசபாளையத்தில் நான் பள்ளியில் படித்தபோது, ஆண்டு விழாவில் ஆண்டாள் நாட்டிய நாடகம் போட்டார்கள். பாடல்கள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். ஆண்டாள் வேடம் எனக்கே என்று நம்பியிருந்தேன். "குரல் இருந்தால் போதுமா? வேடத்துக்கு நிறம் வேண்டாமா?" என்றார்கள். வாயசைத்தவள் மேடையில் நின்றாள். பாடிய நான் திரைக்குப் பின்னே நின்றேன். அன்று எழுந்த கைதட்டலில் என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு நம் வகுப்பில் லோரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகம் நடந்தது. 1959இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கேறிய இந்நாடகத்தை எழுதிய அக்கறுப்பினப் பெண்மணி, 1965இல் தம் 34ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் நினைவாக நீனா சிமோன் பாடிய பாடல்தான் 'டு பி யங், கிஃப்டட் அண்ட் பிளாக்'. இளமை, திறமை, கறுப்பு என்னும் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பெருமை பேசும் பாடல் அது.

அதையே ஜமைக்காவின் பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்சும் இணைந்து பாடியதை எங்கள் பேராசிரியர் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தார். ரெகே இசை தவழ்ந்து வளர்ந்த காலம் அது. தாளத்தின் தட்டில் விழாமல், தட்டுக்கு இடையில் துள்ளி விழுகிறது கிதார். அதன் மேல் வயலின்கள் அலையலையாய் எழுகின்றன. கிங்ஸ்டனில் பதிவான பாடலுக்கு இங்கிலாந்து வெளியீட்டுக்கென வயலின் இசையைப் பின்னர் சேர்த்தார்களாம். 1970இல் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது.

என்னைத் தொட்டது அந்த இடமன்று. ஊர் மாறியதற்காகப் பாட்டுக்குப் புது ஆடை உடுத்தினார்கள். ஆனால் 'கறுப்பு' என்ற சொல்லை அழிக்கவில்லை. பவுடர் பூசி மறைக்கவில்லை. ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி அதை உரக்கச் சொல்லின.

பேருந்தில் திருவில்லிபுத்தூரை நெருங்கும்போதெல்லாம் கோபுரத்தைக் கண்டு கைகூப்புகிறோம். ஆண்டாள் உருகியது யாருக்காக? கார்மேக வண்ணனுக்காக! கறுத்த கடவுளை வணங்கிவிட்டு வீடு திரும்பும் நாம், பெண் பார்க்கப் போனால் முதலில் கேட்பது, "பொண்ணு சிவப்பா?" என்பதுதானே! என் அம்மாவும் இன்றுவரை எனக்குக் கடலைமாவு குழைத்துத் தருகிறாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவளையும் அப்படித்தானே பார்த்திருப்பார்கள்!

இவ்வாண்டு கல்லூரி விழாவில் தோழியும் நானும் இருகுரலில் பாடினோம். ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடையேறியதும் கால்கள் நடுங்கின. முதலடியில் சுருதியும் சற்றுப் பிசகியது. ஆயினும் பாடி முடித்தேன்.

கைதட்டல் எழுந்தது. இம்முறை அது யாருக்கு என்ற ஐயம் எனக்கு இல்லை.