முட்டத்துப் பாறைகள்

கடலைப் பற்றி ஏழெட்டுக் கவிதைகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் விளாங்குடியில் உட்கார்ந்து எழுதியவை. இங்கே நீர் என்றால் கண்மாய். மழை பெய்தால் வைகை. பாறை என்றால் நாகமலை, யானைமலை. அசையாத பாறையையும் மோதாத நீரையும் சொற்களால் மோதவிட்டு, அதற்குக் கடல் என்று பெயர் வைத்திருந்தேன். தொகுப்பாகப் போடலாம் என்றார் நண்பர். அதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நாணயம் என்று பட்டது.

நாகர்கோவிலில் இறங்கி டவுன் பஸ் பிடித்து முட்டம் போனேன். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே கடலுக்குள் துருத்திக்கொண்டு பாறைகள். பார்த்தவுடன் ஏமாற்றமாக இருந்தது. காரணம் பிடிபடச் சற்று நேரமாயிற்று. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தபோது மதுரைத் தியேட்டரில் உட்கார்ந்து இதே இடத்தைப் பார்த்திருக்கிறேன். பாறைக்கும் எனக்கும் நடுவில் பாரதிராஜாவின் காமிரா இன்னும் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் சிலர் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் தங்களைப் படம் பிடித்தார்கள். கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

மணற்பக்கம் இறங்கினேன். முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"பாறை பாக்க வந்தியளா மக்களே?"

"ஆமாய்யா. அழகா இருக்கு."

"கடல்ல நின்னு பாக்கணும். கரை தெரிஞ்சாத்தானே இடம் தெரியும்."

பிறகு விளக்கினார். கரையில் தெரியும் ஒரு மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் கொண்டுவர வேண்டும். வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு நேரில். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் கடலடியில் பார் இருக்கிறது. அங்கேதான் மீன் தங்கும். இப்போது பையன்கள் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள் என்றார்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்திருக்கிறோம். போனவன் வரவில்லையே என்று ஒருத்தி கரையில் நின்று கடலைப் பார்க்கிறாள். நானும் அவளுக்குப் பின்னால் நின்றுதான் எழுதியிருக்கிறேன். கடலில் நின்று கரையைத் தேடுகிறவனின் கண் என் வரிகளில் ஒன்றில்கூட இல்லை. அவனுக்கு மலை வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியிருக்கவில்லை, அதனால்தான் அது அழகாக இருந்தது.

அசையாத பாறை என்று எழுதியதும் பிசகு. ஜப்பானில் நோட்டோ தீபகற்பம் பாறைக் கரைக்குப் பேர்போனது. 2024 ஜனவரி 1 பூகம்பத்தில் அந்தக் கரை சில இடங்களில் நான்கு மீட்டர் வரை மேலே எழும்பிவிட்டது. துறைமுகங்களில் தண்ணீர் விலகிப் படகுகள் தரைதட்டின. பார்க்கப் போகிறவனுக்கு அது புதிய காட்சி. மீனவனுக்குத் தொழில் போயிற்று. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குளச்சலுக்கும் மணக்குடிக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்பும்போது முதியவர் கேட்டார்: "உங்க ஊர்ல எத வச்சு இடம் பாப்பிய?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஊர் திரும்பி மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். மேற்கே, புதுக் கட்டிடங்களின் இடுக்கில், நாகமலை கொஞ்சம் தெரிந்தது. அதோடு நேர் வைக்க இரண்டாவது அடையாளம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடல் கவிதைகளைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடும்படி நண்பருக்கு எழுதிவிட்டேன்.