பட்டாளத்து லாரி ஒண்ணு விலைக்கு வருதாம்

கூடலூர் பக்கம் ஒரு பழைய சக்திமான் நிக்குது.
ஏலத்துல எடுத்து மரம் இழுத்த வண்டி. "வந்து பாருங்கண்ணே"ன்னான் மெக்கானிக் தம்பி.

ஜெர்மனி மேன் கம்பெனி உரிமத்துல 1959ல இருந்து ஜபல்பூர்ல போட்ட லாரி. அந்த மூக்கைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வந்துரும்.

கீழ படுத்துப் பாத்தேன்.
சேஸிஸ் கெட்டி. துரு மேலாப்புலதான். ஸ்குரூ டிரைவரால சுரண்டினதும் சேஸிஸ் நம்பர் பளிச்னு தெரிஞ்சுது, ஆர்.சி. புக்கோட ஒத்தும் போச்சு.

ஆனா முன் ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்டையே காணோம்!

"கழட்டிட்டா டீசல் மிச்சம்ணே."

அடப்பாவிகளா. நாலு வீலும் இழுக்கலன்னா அப்புறம் அது என்ன சக்திமான்?

அந்தப் பச்சை பெயின்டும் போயிரும். மோட்டார் வாகன விதி 121 படி ராணுவத்தைத் தவிர யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. (பாதி ஆசையே அந்தக் கலருக்குத்தான்.)
எஃப்.சி., இன்சூரன்ஸ், டயர்... கூட்டிப் பாக்கவே பயமா இருக்கு.

வீட்டம்மாகிட்ட போட்டோ காட்டினேன்.
"ஆல்ட்டோவை ரிவர்ஸ் எடுக்கவே நான் பின்னாடி நின்னு 'வரலாம் வரலாம்'னு கத்தணும். இதுக்கு ஊரையே கூப்பிடணும்"னுட்டா.

நியாயம்தான்.
நின்ன இடத்துல ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாத்ததுக்கே தோள்பட்டை விண்ணு விண்ணுங்குது.

சரி, சும்மா ஒரு தகவலுக்குத்தான் கேக்குறேன்...
உக்கடம் பழைய இரும்புக் கடைங்கள்ல சக்திமான் முன் ஷாஃப்ட் கிடைக்குமா? யாராச்சும் பாத்திருக்கீங்களா?