61 நாள் தடைக்காலம்... வாசலில் பழைய கார்... எந்த மெஷினை முதலில் வாங்கலாம்?

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் ஜெகதாப்பட்டினம் விசைப்படகுத் தளத்தின் சத்தமே வேறு. எஞ்சின் உறுமல் அடங்கி, சுத்தியல் சத்தமும் கிரைண்டர் சத்தமும் கேட்கத் தொடங்கும். கிழக்குக் கடற்கரை முழுக்க ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். மீன் குஞ்சு பொரித்து வளர்வதற்கான ஓய்வு அது. படகுக்கோ அதுதான் வைத்திய காலம். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது என எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

பாக் நீரிணைப் பக்கம் ஓடும் பல விசைப்படகுகளில் இருப்பது அசோக் லேலண்ட் எஞ்சின். லாரியிலும் பஸ்ஸிலும் ஓடுகிற டீசல் எஞ்சினுக்கு நெருங்கிய சொந்தம். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் போன் போட்டுக் கூப்பிட மெக்கானிக் கிடையாது. அதனால் படகு டிரைவர்கள் பலருக்கும் பாதி மெக்கானிக் வேலை தானாகவே வந்துவிடுகிறது. அந்தக் கைக்கு வாசலில் நிற்கும் பழைய மாருதி எம்மாத்திரம்? பிரேக் பேட் மாற்றலாம், டயரைச் சுற்றி மாற்றிப் போடலாம், சைலன்சர் கிளாம்ப்பை அறுத்து எடுக்கலாம். ஒர்க்‌ஷாப் கூலி மிச்சம்.

அப்படி ஒரு படகு டிரைவரை நினைத்துக்கொள்வோம். கடலுக்குப் போகாத மத்தியானம். கையில் போன். ஒரு விளம்பரம் பார்த்ததுமே வரிசையாக வருகின்றன பவர் டூல் விளம்பரங்கள். '48 வோல்ட்', '88 வோல்ட்', 'எந்த நட்டையும் மூன்றே நொடியில் கழற்றும்!' பக்கத்தில் பெரிய எழுத்தில் தள்ளுபடி விலை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். நல்ல பிராண்டில் இரண்டு பாட்டரி, சார்ஜரோடு ஒரு இம்பேக்ட் ரென்ச் வாங்கினால் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். வருமானம் இல்லாத மாதத்தில் தவறான மெஷின் வந்து இறங்கினால், நஷ்டம் அரிசி, பள்ளிக்கூடச் செலவிலிருந்துதான் போகும்.

"ஏங்க, கழட்டுறதுக்கு மெஷின் பாக்குறீங்க. திருப்பிப் பூட்டுனது சரியா இருக்கான்னு எந்த மெஷின் சொல்லும்?" என்று வீட்டம்மா கேட்டால், அதுதான் சரியான கேள்வி. விளம்பரத்தில் அதற்குப் பதில் இருக்காது.

மூன்று 'இம்பேக்ட்', மூன்று வேலை

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'இம்பேக்ட் டிரில்' என்பது சுவரில் துளை போடுவது. தட்டிக்கொண்டே சுற்றும், நட்டைக் கழற்றாது. 'இம்பேக்ட் டிரைவர்' திருகுகளுக்கானது. முனையில் கால் அங்குல அறுகோணத் துளை இருக்கும், அதில் பிட்டைச் செருகுவார்கள். காரின் வீல் நட்டுக்கு வேண்டியது 'இம்பேக்ட் ரென்ச்'. அதன் முனை அரை அங்குலச் சதுரமாக இருக்கும், அதில் சாக்கெட்டை மாட்ட வேண்டும். படத்தைப் பெரிதாக்கி முனையைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

ரென்ச்சுக்கு சாக்கெட்டையும் பார்த்து வாங்க வேண்டும். கையால் திருகும் பளபளப்பான சாக்கெட்டை இதில் மாட்டக் கூடாது. அடி தாங்காமல் தெறித்து உடையலாம். இம்பேக்ட்டுக்கென்றே தடித்த கறுப்பு சாக்கெட் தனியாகக் கிடைக்கிறது. மாருதியின் சிறிய கார்களுக்கு பெரும்பாலும் 19 எம்.எம்., ஹூண்டாய்க்கு 21 எம்.எம். இந்த இரண்டும் இருந்தால் தெருவில் பாதிக் கார்களுக்கு உதவும்.

பெட்டியில் 88... உள்ளே 18!

அடுத்தது வோல்ட். இந்த மெஷின்களின் பாட்டரிக்குள் இருப்பவை விரல் நீள லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகச் சேர்த்தால் 18. முழு சார்ஜில் சற்றுக் கூடி 20, 21 வரை போகும். எனவே '18 வோல்ட்', '20 வோல்ட்', '21 வோல்ட்' மூன்றும் ஏறக்குறைய ஒரே பாட்டரிதான். சொல்லும் விதம்தான் வேறு.

மலிவு விலையில் வரும் 48, 88 எல்லாம்? சார்ஜரைத் திருப்பி, அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'அவுட்புட் 21 வோல்ட்' என்று இருந்தால் உள்ளே இருப்பவை அதே ஐந்து செல் வரிசைதான். பெட்டி மேல் இருக்கும் எண் வெறும் அலங்காரம்.

பார்க்க வேண்டிய எண்கள் வேறு. ஒன்று, 'ஆம்பியர் அவர்'. 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பாட்டரி என்றால் பெருக்கினால் 72 வாட் அவர். நட்டுக்கு சில நொடி மட்டும் வேலை செய்யும் ரென்ச்சுக்கு இது தாராளம். டயர்களை எல்லாம் கழற்றிப் பூட்டிய பிறகும் மிச்சமிருக்கும். அதே பாட்டரியை 700 வாட் இழுக்கும் கிரைண்டரில் போட்டு முழு வேகத்தில் அழுத்தினால் ஆறு நிமிஷம்தான் கணக்கு. அதனால் ரென்ச்சை பாட்டரியில் வாங்கலாம். கிரைண்டரை ஒயர் வைத்ததாக வாங்குவதே லாபம்.

இன்னொன்று, ஒரு பிராண்டின் பாட்டரி இன்னொரு பிராண்டுக்குப் பொருந்தாது. முதல் மெஷின் வாங்கும் நாளிலேயே அடுத்த பத்து வருஷத்துக்கான பிராண்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று போய்வரும் தூரத்தில் அந்த பிராண்டுக்கு சர்வீஸ் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாகச் சொன்னால், சிங்கப்பூர், மலேசியா சார்ஜர் நம் ஊர் கரன்ட்டில் ஓடும். அமெரிக்காவின் 120 வோல்ட் சார்ஜரை நேராகச் செருகினால் புகைதான் மிஞ்சும்.

கழற்றும் விசை வேறு... பூட்டும் விசை வேறு!

வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. சிறிய கார்களுக்கு பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு, கிட்டத்தட்ட அவ்வளவு.

சாதாரண இம்பேக்ட் ரென்ச்சே 200, 300 நியூட்டன் மீட்டர் தரும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அது வரம். பூட்டும்போது அதே வரம் சாபம். விரலை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் மரை கழண்டுவிடும், ஸ்டட் நீண்டுவிடும், சில சமயம் ஒடிந்தும் போகும். அங்கே தெரியாவிட்டால் இன்னொரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஞ்சராகி நிற்கும்போது தெரியும். டிக்கியில் இருக்கும் சின்ன வீல் ஸ்பேனரால் அந்த நட்டை அசைக்கவே முடியாது. குறைவாக இறுக்கினால் ஆபத்து இதைவிடப் பெரிது.

அந்த வீட்டம்மா கேட்ட கேள்விக்குப் பதில், 'டார்க் ரென்ச்'. பாட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை. பிடியைத் திருகி அளவை வைத்துவிட்டு இறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் ரூபாய்தான். நட்டைக் கையால் சுற்றி உட்காரவைத்து, எதிரெதிராக ஒவ்வொன்றாக இறுக்கி, கடைசிச் சுற்றுக்கு இதைப் பயன்படுத்துங்கள். கழற்றுவதற்கு இதை எடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெடாது.

முதல் ரூபாய் ஜாக்கி ஸ்டாண்டுக்கு!

காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நிமிஷம்கூட தலையை நீட்டக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான். உள்ளே ஒரு சீல் தளர்ந்தால் வண்டி மெதுவாகவும் இறங்கலாம், சட்டென்றும் இறங்கலாம். தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளின் விலை ஒரு இம்பேக்ட் ரென்ச்சின் விலையில் சிறு பங்குதான். கார் கம்பெனி சொன்ன இடத்தில் மட்டும் ஸ்டாண்டைக் கொடுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கூடுதலாக ஒரு விஷயம், மணல். ஸ்டாண்டின் கால் மணலில் ஒரு பக்கம் இறங்கினாலும் கார் சாயும். பலகை போட்டுவிட்டோம் என்று நம்பி உள்ளே போக வேண்டாம். சிமென்ட் தளம் உள்ள இடத்துக்குக் காரை நகர்த்திக்கொள்ளுங்கள்.

கைலியும் கிரைண்டரும்

கிரைண்டரில் நான்கு அங்குல வட்டு நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் வட்டு உடைந்தால் ஒவ்வொரு துண்டும் குண்டுதான். வட்டின் நடு வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும், மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல அதைப் பாருங்கள். ஈரம் பட்டு ஊறிய வட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காவல் தகட்டைக் கழற்றக் கூடாது. கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. கைலி, தோளில் துண்டு, தொங்கும் முழுக்கைச் சட்டை எதுவும் வேண்டாம். சுற்றும் வட்டு துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். பெட்ரோல் டியூப், கார் பாட்டரி பக்கம் தீப்பொறி போகக் கூடாது. பொறி பட்டால் கார்க் கண்ணாடியில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழும், அது போகவே போகாது.

ஒயர் மெஷின் வாங்கும்போது சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை இன்சுலேஷனுக்கான அடையாளம் அது. ஈரத் தரையில் வேலை செய்யும் வீட்டில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருப்பது உயிர் காக்கும்.

உப்புக் காற்றோடு மல்லுக்கட்டு

உள்ளூரில் ஒரு மெஷின் பத்து வருஷம் ஓடும் என்றால், கடலோரத்தில் அது உங்கள் பராமரிப்பைப் பொறுத்தது. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். ராத்திரியில் கடலோரத்தில் அந்த ஈரம் சர்வசாதாரணம். மெஷின் மேல் படிந்த உப்புத்தூசி, யாரும் தண்ணீர் ஊற்றாமலே நனைகிறது. துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பலரும் செய்வது, எண்ணெய் தடவிவிட்டுப் பெட்டியில் போடுவது. உப்பு அடியில் இருக்க, மேலே எண்ணெய் பூசினால் உப்பு போகாது. சாக்கெட், ஸ்பேனர், ஜாக்கி ஸ்டாண்டு போன்ற இரும்புச் சாமான்களை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பு கரைந்து வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய எண்ணெய். கடலுக்குப் போய்வந்த அவுட்போர்டு எஞ்சினில் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். மெஷினின் மேலுடலை மட்டும் துணியால் துடைத்தால் போதும், காற்றுத் துளைக்குள் ஈரம் போகக் கூடாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். பாட்டரியைக் கழற்றித் தனியாக, வெயில் படாத இடத்தில். மே மாதத்தில் மூடிய காருக்குள் பாட்டரியை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

கரன்ட் இல்லாத நாளுக்கும் ஒன்று

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் ஒயர் மெஷின் சும்மா கிடக்கும். பாட்டரி மெஷின் முதல் சார்ஜ் தீரும்வரைதான். நீளக் கைப்பிடி வைத்த ஒரு நல்ல வீல் ஸ்பேனர் மட்டும் எந்தப் புயலிலும் வேலை செய்யும். எவ்வளவு நவீனக் கருவி வந்தாலும் அதை டிக்கியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஆக, கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை இதுதான். முதலில் கண் கண்ணாடி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு. அடுத்து டார்க் ரென்ச், தரமான சாக்கெட் செட். அதன் பிறகு ஒயர் கிரைண்டர். கடைசியாக, பணம் சேர்ந்த பிறகு, நல்ல பிராண்டில் பாட்டரி இம்பேக்ட் ரென்ச். விளம்பரம் காட்டும் வரிசைக்கு நேர் தலைகீழ்!

சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டார்க் ரென்ச்சை ஒவ்வொரு நட்டிலும் வைத்துப் பாருங்கள். எல்லா நட்டிலும் 'டிக்' கேட்டால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.