கருகிய நெல்லும் கழுவிய கலயமும்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு செடி இருக்கிறது. கொழிஞ்சியை அறியாத உழவர் இலர். கோடையில் தானே முளைத்து, நடவுக்கு முன் சேற்றில் மிதிபட்டு, நெல்லுக்கு உரமாகி மறைந்து போவது அது. கொழிஞ்சியும் பாறையும் கூடிக் கொழிஞ்சாம்பாறை ஆயிற்று என்று எங்கள் பெரியோர் சொல்வார்கள். அதற்குச் சான்று கேட்டால், பெயரைத் தவிர வேறொன்றும் அவர்களிடம் இல்லை.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் எங்கள் நிலம். கேரளம் என்றதும் நினைவில் எழும் மழையும் பசுமையும் இங்கே குறைவு. கரிசல் மண், நிலக்கடலை, பனைமரங்கள், மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்ட வழியே ஓயாமல் வீசும் காற்று, இவையே எங்கள் செல்வம். சித்தூர்ப் பகுதி பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956இல் கேரள மாநிலம் அமைந்தபோது அதனுள் அடங்கிற்று. வீட்டில் தமிழ், அலுவலகப் படிவத்தில் மலையாளம். தில்லிக்கு வந்த பின்னர், இருபுறத்தாரும் எங்களை ஒரே கேள்வியால் மடக்கினர்: “நீங்கள் எந்தப் பக்கம்?” தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும் இதைக் கேட்டவர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்லத்தக்க பொருள் ஒன்று ஒரு முறை எங்கள் கையில் இருந்தது. அதை நாங்களே வாய்க்காலில் கரைத்துவிட்டோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை. எழுதும் நாங்கள் உடன்பிறந்தார் மூவர். எழுதும் கை மட்டும் ஒன்று.

1983ஆம் ஆண்டின் வறட்சியை அப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். கிணறுகள் வறண்டன. எங்கள் தந்தையார் கடலைக்காட்டின் மேற்கு மூலையில் புதுக்கிணறு தோண்ட ஆள் விட்டார். இரண்டாம் நாள் ஆளுயரத்துக்குச் சற்று மேலான ஆழத்தில் கடப்பாரை ஒரு பானையின் மேல் விழுந்தது. வாய் அகன்ற, தடித்த, செந்நிறத் தாழி. மூடியிருந்த கல் சரிந்து கிடந்தது. உள்ளே மண், மண்ணுக்குள் எலும்புத் துணுக்குகள், துருவேறிய இரும்புத் துண்டு ஒன்று, உட்புறம் கருப்பும் வெளிப்புறம் சிவப்புமான சிறு கலயம் ஒன்று. கலயத்தின் அடியில் ஒரு கைப்பிடி அளவு கருமையான பொருள் ஒட்டிக் கிடந்தது. கிணறு வெட்டியவர் அதை விரலால் கிளறி முகர்ந்து பார்த்தார்.

“படைச்ச சோறுங்க போல. வெறுங் கருக்காயாப் போச்சுங்க” என்றார். அரிசி பிடிக்காத நெல்லைக் கருக்காய் என்பது எங்கள் பக்கத்து வழக்கு.

எங்கள் அப்பத்தா வரப்பிலேயே நின்றுவிட்டார். “செத்தவங்க சோத்தை வூட்டுக்குக் கொண்டாராதீங்க கண்ணுகளா” என்றார். அந்தக் காலத்து மனிதர் சாகாமல் முதிர்ந்து முதிர்ந்து குழந்தை அளவுக்குச் சுருங்கிப் போவராம். அவர்களுக்கு உணவும் நீரும் வைத்துத் தாழியில் இறக்குவராம். இக்கதையை அன்றிரவும் அவர் சொன்னார். கதை கதைதான். ஆயினும், தாழியில் இறந்தாருக்கு உணவு வைத்தனர் என்ற அளவில் அது உண்மையை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை.

சோறு வேண்டாம், கலயம் வேண்டும் என்பது சிறுவர்களாகிய எங்கள் முடிவு. வாய்க்காலுக்குக் கொண்டுபோய் வைக்கோலும் சாம்பலும் இட்டுத் தேய்த்தோம். கரும்பொருள் எளிதில் விடவில்லை; குச்சியால் சுரண்டினோம். கடைசியில் கலயம் பளபளத்தது. தாழியோ கிணற்று வேலையில் நொறுங்கிற்று. புதைபொருள் கிடைத்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் அன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் அது எவருக்கும் தெரியாது. தந்தையாரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. அவருக்கு அன்று வேண்டியிருந்தது தண்ணீர். பத்து நாளில் அது வந்தது.

கலயம் பின்னர் எங்களோடு தில்லி வந்து கண்ணாடி அலமாரியில் அமர்ந்தது. விருந்தினர் வியப்பர், நாங்கள் பெருமை கொள்வோம். இவ்வாறே பல ஆண்டுகள் கழிந்தன.

2021 செப்டம்பர் 9ஆம் நாள் தமிழகச் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு வந்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றினுள் மண்ணோடு கிடைத்த நெல் உமியை அமெரிக்காவிலுள்ள மயாமி நகரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காலம் கணித்ததில் கி.மு. 1155 என்று தெரிந்தது என்பதே அது. செய்தியைப் படித்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. அலமாரியைத்தான் பார்த்தோம்.

அன்று முதல் இத்துறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். பொற்பட்டமும் வாளுமே தொல்பொருள் என்று எண்ணியிருந்தவர்கள் நாங்கள். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்கப் பட்டங்கள் கிடைத்ததை எல்லோரும் சொல்வர். தாழிகளுக்குள் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை அவர் குறித்து வைத்ததை யார் சொல்கிறார்கள்? தங்கம் தன் வயதைச் சொல்லாது. உமி சொல்லும். உயிரோடிருந்த நாளில் செடி காற்றிலிருந்து பெற்ற கரியில் ஒரு சிறு பகுதி, கதிர் அறுபட்ட நாள்முதல் குறைந்துகொண்டே வருகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் அறுவடைக் காலம் தோராயமாகத் தெரியும். அடுப்புக் கரியிலும் இவ்வாறு அளக்கலாம். ஆனால் அந்த மரம் வெட்டப்படும்போதே இருநூறு வயதினதாய் இருந்திருக்கலாம். நெல்லுக்கு அந்தப் புரட்டு இல்லை. அது ஒரு பருவத்துப் பிறவி. இன்றைய கருவிகளுக்கு ஒரு மணியே போதும். நாங்கள் கழுவிவிட்டதோ ஒரு கைப்பிடி.

மென்மையான தானியம் மண்ணில் எப்படி நிலைக்கிறது என்று கேட்கத் தோன்றும். தீயில் முற்றும் எரியாமல் கருகினால் புழுவும் பூஞ்சையும் அதைத் தீண்டுவதில்லை. வடிவம் அப்படியே நிற்கும். நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாமல் மூழ்கினாலும் பிழைக்கும். நெல் உமியில் மணற்சத்து மிகுதி; ஆகவே உள்ளிருந்த அரிசி போனாலும் உமியின் கூடு நெடுங்காலம் நிற்கிறது. காட்டு நெல் முற்றியதும் தானே உதிர்வதால் அதன் அடிக்காம்பின் வடு வழவழப்பாய் இருக்கும். அடித்து உதிர்த்த வயல் நெல்லின் வடு பிய்ந்து முரடாய் இருக்கும். உழுது விளைத்ததா, பொறுக்கி எடுத்ததா என்பதை அந்த வடுவைப் பார்த்தே அறிஞர் சொல்லிவிடுகின்றனர்.

அந்த விதைகளை மண்ணிலிருந்து பிரிக்கும் முறையைப் படித்தபோதோ எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோண்டிய மண்ணை நீரில் இட்டுக் கலக்குகிறார்கள்; மண்ணும் கல்லும் அடியில் தங்க, கருகிய விதைகள் மேலே மிதக்கின்றன; நீரை மெல்லச் சரித்து நுண்சல்லடையில் வடிக்கிறார்கள். எங்கள் அப்பத்தா அரிக்கன் சட்டியில் நாள்தோறும் செய்தது ஏறக்குறைய இதுதானே! கல் சட்டியில் நிற்க, அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். அந்தக் கையில் கலயத்தைக் கொடுத்திருந்தால் ஒரு மணியும் வீணாகியிராது.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் எங்கள் ஊரிலிருந்து ஒரு பகற்பயணத் தொலைவுதான். அங்கே 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் அகழ்ந்த கல்லறையில், நான்கு கால் சாடி ஒன்றினுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதே கல்லறையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த கலத்தாங்கியும் இருந்தது. நெல்லின் காலம் கி.மு. 490 எனவும், இரண்டாம் கல்லறை நெல்லின் காலம் கி.மு. 450 எனவும் தெரிந்தன. எழுத்துக்கு வயது சொன்னது அதனருகே கிடந்த நெல்! காலக்கணிப்பில் அறிஞரிடையே வாதம் உண்டு. எனினும் வாதிடுவதற்கு நெல் மிஞ்சி இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்.

மேற்கே, கொடுங்கல்லூருக்கு அருகிலுள்ள பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில், நீர் தேங்கிய சேற்றுள் அழுகாமல் கிடந்த மரத்தோணியும் மிளகும் வெளிவந்தன. அந்த மிளகு சென்ற இடமும் கிடைத்துவிட்டது. எகிப்து நாட்டுச் செங்கடற்கரைத் துறைமுகமான பெரெனிகேயின் செராபிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு இருந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. பாலையின் வறட்சி காத்திருக்கிறது. கடல் கடந்து வாழும் தமிழருக்கு நாட்டு நினைவாய் முதலில் வருவது சமையலறைச் சாமான்தான் என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறோம். கொடுமணலின் மணிக்கற்கள் மேற்குக் கரைக்குப் போன பெருவழி எங்கள் பாலக்காட்டு இடைவெளியூடே சென்றது என்பர். அவ்வழியில் நடந்தவர்கள் ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்விக்கு என்ன சொல்லியிருப்பார்களோ!

இத்துறை அறிந்த நண்பர் ஒருவரிடம் சென்ற ஆண்டு கலயத்தைக் காட்டினோம். கிடைத்த ஆழம் என்ன, உடன் கிடந்தவை எவை, மண் எங்கே என்று கேட்டார். மண் எங்கே என்பதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. “அழகான கலயம். இதனிடம் இனி அதிகம் கேட்க முடியாது” என்றார். பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிக் கலயத்தின் அடிப்புறத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார்.

அடிவட்டத்தின் ஓரமாக ஒரு சிறு குழி. நெல்மணியின் நீளம், இருமுனையும் கூர்மை, குழியின் உள்ளே கட்டம் கட்டமாய் நுண்ணிய வரிகள். பச்சை மண்ணாய் இருந்தபோது குயவரின் களத்தில் கிடந்த உமியொன்று ஒட்டிச் சூளையில் எரிந்துபோய்த் தன் அச்சை விட்டிருக்கலாம் என்றார் நண்பர். நெல்தானா என்பதை அச்சு வார்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவரே சொல்ல முடியும். காலத்தை அது சொல்லாது.

எங்கள் வைக்கோலும் சாம்பலும் குச்சியும் அந்தக் குழிக்குள் புகவில்லை. வரும் சித்திரையில் ஊருக்குப் போகும்போது கலயத்தை உடன் எடுத்துச் சென்று தொல்லியல் துறையாரிடம் ஒப்படைப்பதாக இருக்கிறோம். கிணறு இன்னும் இருக்கிறது. அதிலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேட்டின்மேல் இப்போது கொழிஞ்சி மண்டிக் கிடப்பதாகத் தம்பி எழுதியிருக்கிறான். அதை யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்ளும்படி பதில் எழுதியிருக்கிறோம்.